கொலைவாளில் நின்றுவிட்டவருக்கு

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் திருப்பாதிரிப்புலியூர். போன வருஷம் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் வாங்கினேன். மூன்றாம் பாகமான 'கொலைவாள்' பாதியில் நின்றுவிட்டேன். மூன்று மாதமாக நகரவில்லை. ஆபீசில் சொன்னால், குலதெய்வத்தைத் திட்டியவனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். 'பிரதாப முதலியார் சரித்திரம்', 'சில நேரங்களில் சில மனிதர்கள்' இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. இவ்வளவு பேர் கொண்டாடும் அளவுக்கு இவற்றில் என்ன இருக்கிறது? எனக்குத்தான் ரசனை போதவில்லையா? பதில் எழுதினால் என் பெயர் வேண்டாம்.

ஒரு கடலூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ரசனை இல்லாதவர் மூன்றாம் பாகம் வரை வந்திருக்க மாட்டார். நானும் அதே பாகத்தில்தான் தடுக்கி விழுந்தேன், இரண்டு தடவை.

மூன்றாவது தடவை என்னைக் கரை சேர்த்தது புதுச்சேரி சண்டே மார்க்கெட். காந்தி வீதியில் பனியனுக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்கும் நடுவே பழைய புத்தகங்களைத் தரையில் பரப்பியிருந்தவரிடம் ஒரு பைண்டு வால்யூம் கிடைத்தது. யாரோ ஒரு புண்ணியவான் 'கல்கி' பத்திரிகையிலிருந்து வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, காலிகோ ஒட்டித் தைத்து வைத்திருந்த 'பொன்னியின் செல்வன்'. மணியம் வரைந்த படங்கள் அப்படியே இருந்தன. சில பக்கங்களைத் திருப்பினால் பழைய விளம்பரம், வேறு யாருடைய கதையோ பாதியில் அறுந்து கிடக்கும். அதை வாரம் ஒன்றாகப் படித்துப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

அத்தியாயங்கள் முடிகிற இடத்தைக் கவனியுங்கள். ஒரு நிழல் நகரும், ஓர் அலறல் கேட்கும், பின்னாலிருந்து ஒரு கை தோளில் விழும். அடுத்த அத்தியாயத்தில் பார்த்தால் அது தெரிந்த ஆளின் கைதான். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வந்த தொடர் அது. அன்றைக்குப் படித்தவருக்கு அந்த அலறல் ஏழு நாள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. உங்களுக்கு ஏழு விநாடி. பக்கத்தைப் புரட்டினால் அவிழ்ந்துவிடுகிற முடிச்சை ஒரே ராத்திரியில் இருபது தடவை அவிழ்த்தால் யாருக்குத்தான் சலிக்காது? இரண்டு பேர் ரகசியம் பேசினால் தூணுக்குப் பின்னால் மூன்றாவது ஆள் நின்றே தீர வேண்டும் என்ற விதி வேறு.

தொடர்கதை என்று எடுத்துக்கொண்டால் தமிழில் அதை மிஞ்சியது இல்லை என்பேன். தமிழின் தலைசிறந்த நாவல் என்று பட்டியலில் முதலாவதாக வைக்கும்போதுதான் எனக்கும் வாய் சும்மா இருப்பதில்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபிறகு யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றாயிற்று. கெட்டி அட்டை, மலிவுப் பதிப்பு, கல்யாணப் பரிசு என்று புத்தகம் வீட்டுக்கு வீடு போனது. 2022இல் படமும் வந்தது. இவ்வளவு கண்ணில் பட்டால் புகழ் தானாக ஏறும்.

என் நிஜமான குறை வேறு. அதற்கு உங்கள் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. கதை ஆடிப் பதினெட்டு அன்று வீராணம் ஏரிக்கரையில் தொடங்குகிறது அல்லவா? அந்த ஏரிக்குப் பக்கத்தில் காட்டுமன்னார்கோயில், உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில் ஒரு கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களைச் சொல்லி, அவர்களும் உறவினர்களும் வைத்திருந்த நிலத்தைக் கைப்பற்றிய விவரம் அதில் வருகிறது. அவர்களில் இருவருக்கு 'பிரமாதிராஜன்' என்று பட்டம். அரசாங்கத்துப் பெரிய பிராமண அதிகாரிகள்! பட்டத்து இளவரசனைக் கொன்றவர்கள் மேல் தம்பி அரசனான பிறகுதான் கை விழுகிறது. நடுவில் உத்தம சோழனின் ஆட்சி முழுசாகக் கழிந்திருக்கிறது. ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கல்கிக்கு இது தெரியாமல் இல்லை. ரவிதாசனைக் கதைக்குள் கொண்டுவந்தவரே அவர்தான். ஆனால் அவனை ஆந்தைபோலக் கத்தவைத்துக் காட்டில் அலையவிட்டார். கொலை நடக்கும் இடத்திலோ வழுக்கிக்கொண்டு போய்விடுகிறார். அதற்குமேல் சொன்னால் உங்களுக்கு மிச்சம் இருக்கிற கதை கெட்டுவிடும். தொடரைச் சட்டென்று முடித்துவிட்டதாக அன்றே வாசகர்கள் குறைப்பட்டார்கள், கல்கி முடிவுரை எழுதிச் சமாதானம் சொல்லவேண்டி வந்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

பிரதாப முதலியாரை விட்டுவிடுங்கள். 1879இல் அப்படி ஒரு புத்தகம் வந்ததே பெரிசு. வேதநாயகம் பிள்ளை முனிசீப்பாக இருந்தவர். கதையை நிறுத்தி நிறுத்தித் தீர்ப்பு வாசிப்பார். முதல் நாவல் என்ற மரியாதைக்கு ஒரு தடவை புரட்டினால் போதும்.

'சில நேரங்களில்' கொஞ்சம் வலிக்கிற இடம். ஜெயகாந்தன் உங்கள் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர், எனக்கு மிகவும் பிடித்தவர். ஆனாலும் சொல்கிறேன்: 1972இல் சாகித்ய அகாதெமி பரிசு வாங்கிய அந்த நாவலை 'அக்னிப் பிரவேசம்' என்ற அவருடைய சிறுகதை தனியாக நின்றே ஜெயித்துவிடும். மழையில் காரில் ஏறிக் கெட்டுப்போனதாக நினைத்து அழுதுகொண்டு வரும் பெண்ணின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றுகிறாள், நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள், கதை முடிந்தது. அதே தாய் அன்று கத்திக் கூப்பாடு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் நாவல். கேள்வி அருமை. ஆனால் எல்லாரும் பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பெண் கங்காவின் தனிமைக்கு மட்டும் அதில் உயிர் இருக்கிறது. சிறுகதையை முதலில் படித்துவிட்டு நாவலுக்குத் திரும்ப வாருங்கள். அப்புறமும் ஒட்டாவிட்டால் எனக்கு எழுதுங்கள், சண்டை போடலாம்.

'கொலைவாள்' அப்படியே இருக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் வழியாக பஸ் பிடித்து உடையார்குடி போய்விட்டு வாருங்கள். அப்புறம் மனசிருந்தால் வாரத்துக்கு ஓர் அத்தியாயம்.

அந்தப் பைண்டு வால்யூம்காரருக்கு நாலாம் பாகத்தில் ஒரு வாரத்து இதழ் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ என்னவோ, கணக்கு நோட்டுத் தாளில் நீல மையில் எழுதி அந்த இடத்தில் ஒட்டியிருக்கிறார்: 'நந்தினி பேசினாள். கரிகாலன் கேட்டான். ஒன்றும் முடிவாகவில்லை.' விட்டுப்போன அத்தியாயத்தை அச்சுப் புத்தகத்தில் தேடிப் படித்தேன். அவர் எதையும் விடவில்லை.