எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரையைப் பாதுகாப்பாகச் சாப்பிடுவது எப்படி? பதினைந்து வருடத்துக்கு மேலாகச் சாப்பிடுகிறவளின் பதில்

கேட்கப்பட்ட கேள்வி: "வயது 27. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, நான்கு பேரோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறேன். எச்.ஐ.வி. உறுதியாகி ஏ.ஆர்.டி. மையத்தில் டி.எல்.டி. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பத்து நாளாகச் சாப்பிடுகிறேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. கிட்னி போய்விடும், உடம்புக்கு ரொம்பச் சூடு என்கிறார்கள். எப்படிச் சாப்பிட்டால் பாதுகாப்பு?"

தம்பி, தூக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். மாத்திரையை ராத்திரியில்தான் போடுகிறீர்கள் என்றால், காலைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று மையத்தில் கேளுங்கள். மூன்று மருந்து சேர்ந்த டி.எல்.டி.யில் இருக்கும் டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், தலைவலியும் தரும். பலருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். நேரத்தை மாற்றினாலே சரியான பேர் எத்தனையோ. தூக்கமில்லை என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மனசு ரொம்பச் சோர்ந்து, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் அதையும் மறைக்காமல் அன்றைக்கே சொல்லுங்கள்.

நான் கரூரில் தையல் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் போன பிறகுதான் எனக்கும் இருப்பது தெரிந்தது. 2009இல் மாத்திரை ஆரம்பித்தபோது சிடி4 எண்ணிக்கை, அதாவது எதிர்ப்பு சக்தி தரும் ரத்த அணுக்களின் கணக்கு, 168. அப்போதெல்லாம் அந்த எண்ணிக்கை நன்றாக இறங்கினால்தான் மருந்தே தொடங்குவார்கள். 2017இலிருந்து எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும், உறுதியானவுடன் தொடங்கலாம் என்று மாற்றிவிட்டார்கள். உங்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை, அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று எனக்குத்தான் தெரியும்.

சூடு, பக்கவிளைவு என்று நீங்கள் கேட்கும் கதைகளில் பாதி என் காலத்து மருந்துகளின் கதை. 2004 ஏப்ரல் 1 முதல் தாம்பரம் சானடோரியம் போன்ற சில ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்தை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அப்போது கொடுத்ததில் ஸ்டாவுடின் ஒன்று. எனக்கு அதனால் பாதம் இரண்டும் எரியும், மெஷின் பெடலை மிதிக்க முடியாது. கன்னம் ஒட்டிப்போய், பார்க்கிறவர்கள் முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்திருக்கிறேன். அதற்குப் பிறகு வந்தது எபவிரென்ஸ். போட்டுக்கொண்டு படுத்தால் தலை சுற்றும், விடியவிடிய விபரீதமான கனவு. 2021இல் என்னை டி.எல்.டி.க்கு மாற்றினார்கள். டெனோபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம், மூன்றும் ஒரே மாத்திரையில். அந்த இரண்டையும் தாண்டி வந்தவள் சொல்கிறேன், இது லேசான மாத்திரை. உடம்பு கொஞ்சம் எடை போடும், அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இந்த மாத்திரையைவிட, இதை நாம் மறைத்து மறைத்துச் சாப்பிடுவதில்தான் எனக்கு ஆபத்து வந்தது. அதை விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

2022 வாக்கில் எனக்கு ரத்தம் கம்மி, ஓயாத அசதி. மையத்தில் சொல்லாமல் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். எச்.ஐ.வி. பற்றி அங்கே வாயே திறக்கவில்லை. டாக்டர் இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் எழுதினார். இரும்பு மாத்திரை வயிற்றை எரித்ததும், ரோஸ் கலரில் ஒரு ஆன்டாசிட் பாட்டிலை நானே கடையில் வாங்கிக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒரே வேளையில் முடித்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று, ராத்திரி ஒன்பது மணிக்கு டி.எல்.டி.யோடு சேர்த்துப் போட்டேன். அந்த நாட்களில் ராத்திரிச் சாப்பாடு பெரும்பாலும் ஒரு டம்ளர் டீதான்.

சில மாதம் கழித்து வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்ற கணக்கு, வந்தது. வருடக்கணக்கில் "கண்டறியப்படவில்லை" என்றே பார்த்துப் பழகிய தாளில் 1,200 என்று இருந்தது. நான் ஒரு வேளைகூட விட்டதில்லை. மையத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் மேடம் திட்டவில்லை. "வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துட்டு வாங்கக்கா" என்றார். மறுநாள் அவர் மேசையில் கொட்டினேன். அவர் ஒவ்வொரு அட்டையையும் பேனா முனையால் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். பெரஸ், அதாவது இரும்பு, என்ற இடத்தில் ஒரு நிறுத்தம். கால்சியம் கார்பனேட், அடுத்த நிறுத்தம். கடைசியில் ரோஸ் பாட்டிலைத் தூக்கி, அலுமினியம், மெக்னீசியம் என்று வாய்விட்டுப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அவர் விளக்கியது இதுதான். இரும்பு, கால்சியம், அலுமினியம், மெக்னீசியம், துத்தநாகம் எல்லாம் வயிற்றுக்குள் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் மருந்து ரத்தத்தில் சேராமல் வெளியே போய்விடும். ஆன்டாசிட்டை ஒன்றாகச் சேர்த்துக் குடித்தால் ஏறக்குறைய முக்கால் பங்கு மருந்து வீண். நான் தினமும் மாத்திரை விழுங்கினேன், உடம்புக்குக் கிடைத்தது கால்வாசியோ அரைவாசியோ. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழி முழுக்க பஸ்ஸில் அழுதேன்.

ஆகவே வழி இப்படி: ஜெலுசில், டைஜின் மாதிரி ஆன்டாசிட் வேண்டியிருந்தால், அதற்கு 2 மணி நேரம் முன்பே டி.எல்.டி.யைப் போட்டுவிட வேண்டும். ஆன்டாசிட்டை முதலில் குடித்துவிட்டால் 6 மணி நேரம் கழித்துத்தான் டி.எல்.டி. இரும்பு, கால்சியம், சத்து மாத்திரைகளுக்கும் இதே இடைவெளிதான். இவற்றில் மட்டும் ஒரு சலுகை, வயிறு நிறையச் சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போடலாம். வெறும் வயிற்றில் அப்படிச் சேர்த்துப் போடவே கூடாது. அசிடிட்டிக்குக் கொடுக்கும் பான்டோபிரசோல் டி.எல்.டி.க்குத் தொந்தரவு செய்யாது. பழைய மருந்துகள் சிலவற்றுக்குச் செய்யும், அதனால் வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்படியே பின்பற்ற வேண்டாம்.

நாட்டு மருந்தையும் இதே கண்ணோடு பாருங்கள். அயச்செந்தூரம் என்றால் அயம், இரும்பு. சங்கு பற்பம் என்றால் சங்கு, சுண்ணாம்புச் சத்து. அவற்றைக் குறை சொல்லவில்லை, என் அம்மா அதில் வளர்த்த பிள்ளைதான் நான். ஆனால் "இங்கிலீஷ் மருந்தின் சூட்டைத் தணிக்கிறேன்" என்று யாராவது பொட்டலம் மடித்துக் கொடுத்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று மையத்து டாக்டருக்குத் தெரியாமல் வாயில் போடாதீர்கள்.

வேறு சில மருந்துகளும் மோதும். காசநோய்க்கு ரிபாம்பிசின் கொடுத்தால் டோலுடெக்ராவிரை வேகமாகக் கரைத்துவிடும். அதனால் 12 மணி நேரம் தள்ளி இன்னொரு 50 மில்லிகிராம் சேர்த்துக் கொடுப்பார்கள். வலிப்புக்கான கார்பமசெபின், பெனிடாயின் இரண்டும் அதே வேலையைச் செய்யும். சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு நிலைமை தலைகீழ். ரத்தத்தில் மெட்பார்மின் அளவு கூடும், அதனால் ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் டி.எல்.டி. சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். சொல்லக் கூசும், எனக்கும் கூசியது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் நிலையை உங்கள் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதும், அதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதும் கூடாது. சொல்ல வாய் வரவே இல்லை என்றால், அவர் எழுதிய சீட்டை மாத்திரை வாங்குவதற்கு முன் மையத்துக்குக் கொண்டுபோங்கள். ராத்திரி நேரத்துச் சந்தேகத்துக்கு 1097, இலவச எண்.

இனி கிட்னி. டெனோபோவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து, கொஞ்சம் பேருக்குப் பாதிப்பு வருவது உண்மை. ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அந்த வாய்ப்பு அதிகம். அதற்காகத்தான் மையத்தில் ரத்தம் எடுத்து, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அந்தத் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். ஏறினால் மாற்று மருந்து இருக்கிறது. ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள், டோலுடெக்ராவிர் தொடங்கிய முதல் வாரங்களில் கிரியேட்டினின் லேசாகக் கூடித் தெரியும். அது சிறுநீரில் கலக்கும் ஒரு பாதையை இந்த மருந்து மந்தப்படுத்துவதால் வருவது, சிறுநீரகம் கெட்டதால் அல்ல. தனியார் லேபில் தானே பார்த்துவிட்டுப் பயந்து மாத்திரையை நிறுத்தியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அந்தத் தாளை மையத்து டாக்டர் படிக்கட்டும்.

சிறுநீரகத்துக்கு நீங்களாகச் செய்யக்கூடிய உபகாரம் வலி மாத்திரையைக் குறைப்பது. பனியன் கம்பெனியில் நாளெல்லாம் நின்றால் முதுகு போகும், கால் போகும், கடையில் கேட்டால் டைக்ளோபினாக் கொடுப்பார்கள். டெனோபோவிரோடு அடிக்கடி அது வேண்டாம். பாராசிட்டமால் போதுமா என்று முதலில் கேளுங்கள்.

வேளை தவறினால், நினைவு வந்தவுடன் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வேளைக்கு 4 மணி நேரத்துக்கும் குறைவு என்றால் தவறியதை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. 30 மாத்திரை பாட்டிலில் மாதம் ஒன்று தவறுவது வேறு, தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் விடுவது வேறு. விட்ட நாட்களில் வைரஸ் பெருகும், மருந்துக்குப் பழகவும் செய்யும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியும் சேர்ந்து இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னொன்றும் உண்டு. டெனோபோவிரும் லாமிவுடினும் அதையும் அடக்கி வைத்திருக்கின்றன, திடீரென நிறுத்தினால் கல்லீரல் சீறும். உங்களுக்கு அந்த டெஸ்ட் எடுத்தார்களா என்று கேட்டு வையுங்கள். சபரிமலை மாலையோ ரம்ஜான் நோன்போ குறுக்கே வராது, ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை, வெறும் வயிற்றிலும் போடலாம். விடியலுக்கு முன் அல்லது நோன்பு திறந்த பிறகு என்று நேரம் வைத்துக்கொள்ளலாம்.

காய்ச்சலோடு தோலில் தடிப்பு, வாயில் புண், கண் மஞ்சள், சிறுநீர் டீ நிறம், சிறுநீர் குறைந்து கால் வீக்கம், இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதல் சில வாரங்களில் காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டு, இருமல் வந்தாலும் உடனே சொல்லுங்கள். எதிர்ப்பு சக்தி எழும்போது உள்ளே பதுங்கியிருந்த காசநோய் வெளியே தெரிவது உண்டு. மாத்திரைதான் காரணம் என்று நீங்களாகவே முடிவுகட்டி நிறுத்திவிடாதீர்கள்.

அறையில் நான்கு பேர் என்றீர்கள். பாட்டில் கலகலவென்று சத்தம் போடும் என்ற பயம் எனக்குத் தெரியும், முதல் வருடங்களில் பஞ்சு அடைத்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறேன். பஞ்சு அடைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாத்திரையை மொத்தமாக வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். உள்ளே இருக்கும் அந்தச் சின்ன ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை வீசாதீர்கள். ஜன்னலோரமும் தகர ஷீட்டுக்குக் கீழேயும் வைக்க வேண்டாம், 30 டிகிரிக்குள் இருப்பது நல்லது. ஷிப்ட் நாட்களுக்கு ஒன்றிரண்டு மாத்திரையை மட்டும் சின்ன டப்பியில் எடுத்துக்கொண்டால் போதும்.

என் கதையின் மிச்சம்: இரும்பு மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றினேன், ரோஸ் பாட்டிலை நிறுத்தினேன். மூன்று மாதம் கவுன்சிலிங், அதற்குப் பிறகு மறுபடி வைரல் லோடு. கண்டறியப்படவில்லை. வைரல் லோடு 200க்குக் கீழே நிலைத்திருந்தால் உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள் தம்பி, கல்யாண வயதில் இருக்கிறீர்கள்.

அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது பாட்டிலை மிச்ச மாத்திரையோடு கொண்டுபோங்கள், எண்ணிப் பார்ப்பார்கள். அறையில் வேறு ஏதாவது மாத்திரை, டானிக், லேகியம் இருந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் கிரியேட்டினின் என்ன வந்தது என்று முடிந்தால் இங்கே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.