சாயங்காலம் கூட்டமாகப் பறக்கும் காக்கைகள் எங்கே போய் அடைகின்றன, எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். ஐப்பசி பிறந்ததிலிருந்து சாயங்காலம் ஐந்தேகால், ஐந்தரைக்கு மொட்டைமாடியில் நின்றால் காக்கைகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போகின்றன. வண்டியில் பின்னாலேயே போனோம், பாதியில் தவறவிட்டோம். ஏழாவது படிக்கிற மகனுக்கு அவை அடைகிற இடத்தைக் காட்ட வேண்டும். இப்படிப் போவது நல்லதுக்கில்லை என்கிறார் மாமியார். உண்மையா?

பதில்: முதலில் மாமியாருக்கு. பயப்பட ஒன்றுமில்லை, இது வருஷா வருஷம் நடப்பதுதான். நம் பக்கத்தில் காக்கை கூடு கட்டுவது பெரும்பாலும் கோடையை ஒட்டி, குயில் ஓயாமல் கூவுகிற மாதங்களில். முட்டையையும் குஞ்சையும் விட்டுவிட்டு ராத்திரி வெளியூர் போய்த் தங்க முடியாதே. ஐப்பசி, கார்த்திகையில் அந்த வேலை கிடையாது, அந்த வருஷத்துக் குஞ்சுகளும் நன்றாகப் பறக்கத் தேறியிருக்கும், அதனால் சுற்றுவட்டாரத்துக் காக்கைகள் எல்லாம் ஒரே தோப்பில் போய் அடைகின்றன. கூட்டமாக இருந்தால் ஆந்தையிடம் மாட்டுகிற ஆபத்து ஒவ்வொன்றுக்கும் குறையும். இன்னொரு காரணமும் சொல்வார்கள்: பட்டினியோடு வந்து அடைந்த பறவை, நன்றாகத் தின்றுவிட்டு வந்ததன் பின்னால் மறுநாள் காலையில் போய் இரை தேடிக்கொள்ளலாம் என்று 1973-ல் பீட்டர் வார்டு, அமோட்ஸ் சஹாவி என்ற இரண்டு பறவை ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது எந்த அளவுக்குச் சரி என்று ஆய்வாளர்கள் நடுவே வாக்குவாதம் உண்டு.

சரி, இடத்துக்கு வருவோம். வண்டியில் துரத்துவதை விட்டுவிடுங்கள். காக்கை நேராகப் போய்விடும், நீங்கள் கெடிலம் ஆற்றுப் பாலத்தைத் தேடிப் போக வேண்டும், அதற்குள் வானத்தில் ஒன்றுகூட இருக்காது. தலையைத் தூக்கிக்கொண்டு வண்டி ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாடியிலேயே நின்று, கைபேசியில் இருக்கிற திசைகாட்டியை வைத்து அவை போகும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். திருப்பாதிரிப்புலியூரிலோ முதுநகரிலோ சொந்தக்காரர் இருந்தால் அதே நாளில் அவரையும் மாடியேறிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு திசைக்கும் வரைபடத்தில் கோடு போட்டால், கோடுகள் வெட்டுகிற இடத்தைச் சுற்றித்தான் தேட வேண்டும். மூன்றாவதாக இன்னொருவர் வீட்டு மாடியும் கிடைத்தால் இன்னும் நல்லது. கிழக்கே கடல், அந்தப் பக்கத்தை யோசிக்கவே வேண்டாம்.

அப்புறம், பெரும்பாலானவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. காக்கைகள் நேராகப் போய் அடைவதில்லை. அடைகிற தோப்புக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு திடல், வயல், கைபேசிக் கோபுரம், மின்கம்பி என்று எங்காவது முதலில் கூடுகின்றன. பந்திக்கு முன்னால் மண்டப வாசலில் நிற்கிற கூட்டம் மாதிரி அங்கே ஒரே சத்தமாக இருக்கும், தரையெல்லாம் கறுப்பாக இருக்கும், இதுதான் இடம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். போகாதீர்கள், நில்லுங்கள். சூரியன் மறைந்து வெளிச்சம் மங்குகிற நேரத்தில் மொத்தமாகக் கிளம்பும். உண்மையில் பார்க்க வேண்டியது அதைத்தான். தோப்புக்கு மேலே வந்ததும் இறக்கையை மடக்கி, ஒருக்களித்தபடி பக்கவாட்டில் சரிந்து விழுகிற மாதிரி இறங்கும். உட்கார்ந்த கிளையிலிருந்து ஒன்று இன்னொன்றைத் தள்ளும், தள்ளப்பட்டது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேறொன்றைத் தள்ளும். கண்ணுக்கு எதுவும் தெரியாமல் போன பிறகும் இந்தச் சச்சரவு கேட்டுக்கொண்டிருக்கும்.

நவம்பர் கடைசியில் நம் ஊரில் சூரியன் மறைவது சுமார் 5.40-க்கு, பொங்கல் சமயத்தில் 6 மணி ஆகிவிடும். அதற்கு அரைமணி முன்னால் போய், மறைந்து அரைமணி வரை இருங்கள். மழை மேகம் கவிந்த நாளில் சீக்கிரமே வந்துவிடும். எதிர்காற்று அடித்தால் கூரையை உரசுகிற மாதிரி தாழப் பறக்கும், மகனுக்குக் காட்ட அந்த நாள்தான் தோது. கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் ஊர்க்காக்கை. முழுக் கறுப்பாக, தடித்த அலகோடு, குரலும் கனமாக இருந்தால் அண்டங்காக்கை.

போன வருஷம் அடைந்த தோப்பு இந்த வருஷமும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். கடலூர், புதுச்சேரிக் கரையோரத்தில் சவுக்குத் தோப்பு நிறைய. வளர்ந்ததும் வெட்டிவிடுவார்கள், காக்கையும் இடம் மாறிவிடும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் சாய்த்த மரங்களை நினைத்துப் பாருங்கள், ஒரே ராத்திரியில் எத்தனை பறவைக்கு இடம் போயிருக்கும்.

தோப்புக்கு அடியில் போய் நிற்காதீர்கள். எச்சம் மேலே விழும் என்பது ஒன்று, காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுப்பது நல்லதல்ல என்பது இன்னொன்று. நூறு மீட்டர் தள்ளி, முடிந்தால் மேடான இடத்தில் நில்லுங்கள். அடைந்த பிறகு டார்ச் அடிக்க வேண்டாம், ஒன்று கிளம்பினால் எல்லாம் கிளம்பும், இருட்டில் அவற்றுக்கு அலைச்சல். செத்த காக்கை ஒன்றிரண்டுக்கு மேல் கிடந்தால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். 2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் பறவைக் காய்ச்சலில் காக்கைகள் செத்தன.

மகனுக்கு எண்ணிக் காட்ட ஆசை இருந்தால் ஒவ்வொன்றாக எண்ண வைக்காதீர்கள், வெறுத்துவிடுவான். முதலில் பத்துக் காக்கையை எண்ணி, அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டு, பத்துப் பத்தாக எண்ணச் சொல்லுங்கள். இடைவிடாமல் வந்துகொண்டிருந்தால், ஒரு பனைமரத்தையோ விளக்குக் கம்பத்தையோ அடையாளமாக வைத்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு நிமிஷம் மட்டும் அதைக் கடக்கிறவற்றை எண்ணி ஐந்தால் பெருக்கினால் போதும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, ஈபேர்ட் செயலியில் யார் வேண்டுமானாலும் பட்டியல் போடலாம். காக்கைதானே என்று பலரும் ஒப்புக்கு ஓர் எண் போட்டுவிடுகிறார்கள். உங்கள் மகன் போடுகிற எண்ணோடு நேரம், திசை, எந்த வகைத் தோப்பு என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.