வாசகர் கேள்வி – பதில்: கதையை யார் நடத்துவது?

கேள்வி: விடுமுறையில் நண்பர்கள் ஐவர் சேர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பேச்சாலும் பகடையாலும் கதை வளர்க்கும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாடுகிறோம். காட்சிகளை விவரித்து ஆட்டத்தை நடத்தும் எங்கள் கேம் மாஸ்டர் கதை முழுவதையும் கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறார். நாங்கள் எந்த வழியால் போனாலும் அவர் எழுதிய இடத்திலேயே கொண்டுவந்து விடுகிறார். கேட்டால், “கூத்தைப் பழக்கி ஆடவைக்கும் அண்ணாவியார் எப்படியோ இதற்கு நான் அப்படி” என்கிறார். அவர் சொல்வது சரியா?
– வாசகர், ஆரையம்பதி

பதில்: பாதி சரி. நேரமறிந்து ஆட்டத்தைக் கூட்டுவதும் தணிப்பதும், கூச்சப்படுகிறவரையும் ஆடவைப்பதும் இருவருக்கும் உரிய வேலைகளே. ஆனால் கூத்தில் சட்டம் (பாத்திரத்துக்குரிய பாட்டுப் பிரதி) கொடுக்கும் நாளிலேயே அவரவர்க்குரிய பாட்டும் வசனமும் முடிவாகிவிடுகின்றன; கர்ணன் களத்தில் விழுவான் என்பதை அறிந்தேதான் ஊர் விடியவிடியக் களரியைச் சுற்றி இருக்கிறது. உங்கள் மேசையில் கர்ணன் விழுவானா, பிழைப்பானா என்பது கேம் மாஸ்டருக்குங்கூடத் தெரியாமல் இருக்க வேண்டும்.

இந்த விளையாட்டு பிறந்த விதமும் அதையே காட்டுகிறது. 1969ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் போர் விளையாட்டொன்றை நடத்தியபோது, படைத்தலைவர்களோடு ஊரவர்களின் பாத்திரங்களையும் ஆட்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். அவர்கள் விதிகளில் இல்லாத காரியங்களையெல்லாம் செய்யப் புறப்பட, ஒவ்வொன்றாலும் என்ன விளையும் என்பதை அவர் அந்த இடத்திலேயே தீர்மானிக்க வேண்டியதாயிற்று. அந்த வட்டத்தில் விளையாடிய டேவ் ஆர்னஸன், கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து உருவாக்கி 1974இல் வெளிவந்ததுதான் நீங்கள் விளையாடும் விளையாட்டு. ஆட்டக்காரர் எதிர்பாராத ஒன்றைச் செய்வார் என்பதாலேயே கேம் மாஸ்டர் என்றொருவர் தேவைப்பட்டார்.

உங்கள் நண்பர் கல்லடிப் பாலத்தில் காவலர்களை நிறுத்தி, அங்கே ஒரு சண்டையை ஆயத்தப்படுத்தி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். நீங்களோ, தோணிக்காரர் ஒருவரை மன்றாடி இரவோடிரவாக வாவியைக் கடக்கப் போவதாகச் சொல்கிறீர்கள். “தோணி ஒன்றும் இல்லை” என்று உங்களைப் பாலத்துக்கே திருப்பிவிடுவது அவருக்கு இலகு. அங்கேதான் விளையாட்டுச் செத்துப்போகிறது. தோணிக்காரரைச் சம்மதிக்கவைப்பது நடுத்தரச் சிரமம் என்று கருதி 15ஐ இலக்காக வைத்து, இருபது முகப் பகடையை உருட்டச் சொல்வதே முறை. பகடையில் 9 விழுகிறது. உங்கள் பாத்திரத்தின் பேச்சுத் திறனுக்குரிய 3ஐக் கூட்டினால் 12, இலக்கு எட்டவில்லை. தோற்றால் காரியம் அப்படியே நின்றுபோகலாம், அல்லது ஏதேனும் ஒரு பின்னடைவோடு முன்னேறலாம் என்று இந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்பின் விதிகள் இடம் தருகின்றன. இரண்டாவதை எடுத்துக்கொண்டால், தோணிக்காரர் சம்மதிக்கிறார். நடுவாவியில் தோணியை நிறுத்திவிட்டு இரட்டிப்புக் கூலி கேட்கிறார். ஒருவருடைய கொப்பியிலும் இல்லாத இடத்துக்குக் கதை வந்துவிட்டது, இதற்காகத்தானே எல்லாரும் கூடி இருக்கிறீர்கள்! அந்தக் காவலர்கள் யார், எதற்காக நிற்கிறார்கள், யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பவற்றை உங்கள் நண்பர் எழுதிக்கொண்டு வரட்டும். அவை கையில் இருந்தால் நீங்கள் எந்தத் துறையில் இறங்கினாலும் அவர் தடுமாற மாட்டார்.

கேள்வி: நான் கேம் மாஸ்டர். என்னோடு விளையாடுகிறவர்கள் நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். “இப்போது என்ன செய்கிறீர்கள்?” என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஆட்டக்காரருக்கு ஒரு கடமையும் இல்லையா?
– வாசகர், கல்முனை

பதில்: நிச்சயமாக உண்டு. தன் பாத்திரம் எதை விரும்புகிறது என்பதை முடிவு செய்வதும், அந்த விருப்பத்துக்காக எதையாவது பணயம் வைப்பதும் ஆட்டக்காரரின் வேலை. அதை வேறு எவரும் அவருக்காகச் செய்துவிட முடியாது. ஆயினும் நீங்கள் கேட்கும் கேள்வி மிகவும் அகலமானது. வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் உருவாக்கி 2010இல் வெளிவந்த ‘அப்போகலிப்ஸ் வேர்ல்ட்’ என்ற இதே வகை விளையாட்டு, நடத்துபவர் கேள்விகளைக் கேட்டு, கிடைக்கும் பதில்களின் மேலேயே கதையைக் கட்ட வேண்டும் என்பதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறது. “இந்த ஊர்த் தலைவரோடு உனக்கு என்ன பகை?” என்று ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பகையை உண்மை என்று ஏற்று, அந்தத் தலைவரை அடுத்த காட்சியிலேயே கொண்டுவாருங்கள். தன் வாயால் பிறந்த மனிதர் எதிரே வந்து நிற்கும்போது பேசாமல் இருப்பவர் குறைவு.

கேள்வி: கடல் பொங்கி ஊரை விழுங்கும் காட்சி ஒன்றைக் கேம் மாஸ்டர் விவரித்தபோது, எங்களில் மூத்தவரான அண்ணா எழுந்து போய்விட்டார். யார்மீது பிழை?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: 2004 டிசம்பர் 26ஐக் கண்ட கரையில் அந்த அண்ணா எழுந்து போனதற்குக் காரணம் கேட்கத் தேவையில்லை. பிழை தேடுவதை விட்டு, விளையாட்டைத் தொடங்கு முன்பே ஒருநாள் கூடியிருந்து, எவை வரலாம், எவை வரவே கூடாது என்று பேசிக்கொள்ளுங்கள். எங்கள் மாவட்டங்களில் கடல் மட்டுமல்ல, சோதனைச் சாவடியும் காணாமற்போனவரும்கூடச் சிலருக்கு வெறும் கதையல்ல. ஜோன் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் முன்வைத்த எளிய வழியொன்றும் உண்டு. ஒன்றையொன்று வெட்டும் கோடுகள் இரண்டு (X) வரைந்த அட்டையொன்றை மேசை நடுவில் வைத்துவிடுவார்கள். எவரேனும் அதைத் தொட்டால், ஏன் என்று கேளாமல் அந்தக் காட்சியை மாற்றிவிடுவார்கள். கேம் மாஸ்டரும் அதைத் தொடலாம். அண்ணாவை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். விளையாட்டைப் பற்றிப் பிறகு பேசலாம்.

கேள்வி: விதி பற்றி வாக்குவாதம் வந்தால் முடிவு யாருடையது?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: அந்த நேரத்துக்குக் கேம் மாஸ்டருடையது. ஐந்து நிமிடத்துக்கு மேல் புத்தகத்தைப் புரட்டாமல் அவர் சொல்வதை ஏற்று ஆட்டத்தைத் தொடருங்கள். முடிந்த பிறகு எல்லாரும் சேர்ந்து விதியைப் பார்த்து, அடுத்த முறைக்கு எப்படி என்று தீர்மானியுங்கள். பகடையை மட்டும் எல்லார் கண்ணுக்கும் தெரிய உருட்டச் சொல்லுங்கள், பாதி வாக்குவாதம் அதோடு நின்றுவிடும்.