மலைக்குடிலில் எலியும் புகையும்

கேள்வி: மகனைப் பார்க்க அமெரிக்கா போகிறோம். மொன்டானா மலைக்காட்டில், 1930களில் கட்டிய வனத்துறை மரக்குடிலில் இரண்டு இரவு தங்க ஏற்பாடு செய்திருக்கிறான். மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ கிடையாதாம். விறகடுப்பு புகையும், எலி இருக்கும் என்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, கோவை

பதில்: முதலில் எலி. அங்குள்ள மான் எலி என்ற காட்டெலியின் புழுக்கையிலும் சிறுநீரிலும், நுரையீரலைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகக்கூடிய ஹன்டா வைரஸ் இருக்கலாம். பெருக்கினால் தூசியோடு மூச்சில் ஏறிவிடும். துடைப்பத்தைத் தொடவே வேண்டாம். போனதும் கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு 30 நிமிடம் வெளியே இருங்கள். பிறகு கையுறை மாட்டி, 1 பங்கு பிளீச் திரவத்துக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து, புழுக்கை நன்றாக நனையத் தெளியுங்கள். 5 நிமிடம் கழித்துக் காகிதத்தால் துடைத்தெடுங்கள். சோம்பல்படக் கூடாத வேலை இது.

அடுத்து விறகடுப்பு. புகை அறைக்குள் திரும்புவது பெரும்பாலும் அடுப்பின் புகைக்குழாய்க்குள் நிற்கும் குளிர்காற்றால்தான். குழாயிலுள்ள தடுப்புத் தகட்டை முழுக்கத் திறந்து, சுருட்டிய செய்தித்தாளைக் கொளுத்திக் குழாய் வாயருகே பிடியுங்கள். புகை மேலே இழுபட்டதும் சுள்ளி, பிறகுதான் கட்டை. சாம்பலை மூடிபோட்ட உலோக வாளியில் அள்ளி வெளியே வையுங்கள். சாம்பலுக்குள் தணல் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோவதே நல்லது. ஓடைத் தண்ணீர்தான் என்றால் தளதளவென 1 நிமிடம் கொதிக்கட்டும். 6,500 அடி உயரத்துக்கு மேல் என்றால் 3 நிமிடம்.