யூதர்கள் தங்கள் குழந்தைகளுக்கு மதத்தை எந்த வயதில், எப்படிச் சொல்லித் தருகிறார்கள்?

யூதர்களின் வழிபாட்டு இடமான சினகாக்கில் மூன்று வயதிலேயே மதக் கல்வி தொடங்கிவிடுமாமே, அந்த வயதில் குழந்தைக்கு என்ன புரியும், அது திணிப்பு இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பல இடங்களில் இரண்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. ஆனால் யாரும் குழந்தையை உட்கார வைத்துக் கடவுளைப் பற்றிப் பாடம் எடுப்பதில்லை. நான் பார்த்த வரையில் அங்கே குழந்தையை விட அதிகமாகப் படிப்பது அதன் அப்பா அம்மாதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் யூதர் இல்லை. நியூ ஜெர்சியில் ஒரு சினகாக் நடத்தும் பாலர் பள்ளியில் சில வருடங்கள் உதவி ஆசிரியையாக வேலை பார்த்தேன். என் மகனும் அங்கேதான் படித்தான். வீட்டுக்குப் பக்கம், ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் கட்டணத்தில் சலுகை, காரணம் அவ்வளவுதான். அமெரிக்காவில் இது அதிசயமில்லை. இத்தகைய பள்ளிகளில் யூதரல்லாத பிள்ளைகளும் ஆசிரியைகளும் நிறையவே உண்டு. நான் சொல்வது கன்சர்வேடிவ் என்கிற நடுவாந்தரப் பிரிவைச் சேர்ந்த ஓர் இடத்தை வைத்து. புரூக்ளினிலும் லேக்வுட்டிலும் வாழும் தீவிர ஆர்த்தடாக்ஸ் யூதர்களின் 'ஹேடர்' பள்ளிகள் வேறு உலகம். அங்கே பிள்ளைகள் சின்ன வயதிலேயே தோரா என்கிற வேதத்தை மூல மொழியில் படிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்குள் நான் போனதில்லை.

சரி, அங்கே என்னதான் நடக்கிறது? வெள்ளிக்கிழமையைச் சொன்னால் பாதி விஷயம் வந்துவிடும். யூதர்களின் ஓய்வு நாளான ஷபாத் வெள்ளி மாலை சூரியன் மறைவதோடு தொடங்கும். பள்ளியில் அதை வெள்ளி காலையிலேயே செய்து பார்த்துவிடுவார்கள். மேசையில் வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு கிண்ணத்தில் திராட்சைச் சாறு, துணியால் மூடிய பின்னல் ரொட்டி. அந்த ஹாலா ரொட்டிக்கான மாவை முந்தின நாளே பிள்ளைகள் பிசைந்து பின்னியிருப்பார்கள், பாதி மாவு தரையில் இருக்கும். வாரம் ஒரு குழந்தை 'ஷபாத் அம்மா', ஒரு குழந்தை 'ஷபாத் அப்பா'. விளக்கு ஏற்றியதும் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு ஹீப்ருவில் ஒரு ஆசி. சாற்றுக்கு ஒன்று, ரொட்டிக்கு ஒன்று. அதற்கு முன் உண்டியலில் காசு போட வேண்டும். 'ட்செடாக்கா' என்கிற அந்த உண்டியல் எல்லா வகுப்பிலும் இருக்கும், வருடக் கடைசியில் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். நான்கு வயதுக் கூட்டத்தில் நாய்களுக்கு எப்போதும் ஓட்டு அதிகம்.

அப்புறம் எல்லோரும் பெரிய கூடத்துக்குப் போவோம். சினகாக்கின் குருவான ரபை கிட்டாரோடு வருவார், தோராச் சுருள்கள் வைத்திருக்கும் பேழையைத் திறந்து காட்டுவார். உண்மையான சுருளின் தோலை வெறும் கையால் தொடக் கூடாது, படிக்கும்போதுகூட நுனியில் கை வடிவம் வைத்த வெள்ளிக் குச்சியால்தான் வரி காட்டுவார்கள். ஆகவே பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பஞ்சு பொம்மைத் தோரா. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஊர்வலம். இரண்டு வயதுக் குழந்தைக்கு இதில் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அந்தக் கட்டிடம் தனக்குச் சொந்தம் என்று அதற்குத் தெரிந்துவிடும். பெரியவர்கள் தயங்கித் தயங்கி நுழையும் கூடத்தில் அதுகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடும்.

பாடத்திட்டம் என்று தனியாக ஒன்று கிடையாது, பஞ்சாங்கம்தான் பாடத்திட்டம். இலையுதிர் காலத்தில் சுக்கோத் வந்தால் வெளியே கீற்றும் கிளையும் போட்டு ஒரு பந்தல், ஒரு வாரம் சிற்றுண்டி அதற்குள்தான். கூரை வழியாக நட்சத்திரம் தெரிய வேண்டும் என்பது மரபு, மழை வந்தால் ஒழுகத்தான் செய்யும். விளக்குப் பண்டிகையான ஹனுக்காவை எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். எனக்குப் பிடித்தது குளிர்காலத்தில் வரும் மரங்களின் புத்தாண்டு, 'து பிஷ்வாத்'. வெளியே பனி கிடக்கும், உள்ளே பிள்ளைகள் காகிதக் குவளையில் பார்ஸ்லி விதை போடுவார்கள். அது முளைத்து வளர்ந்து, வசந்தத்தில் பெசாக் விருந்து வரும்போது வெட்டி உப்புத் தண்ணீரில் தோய்த்துச் சாப்பிடத் தயாராக இருக்கும். உப்புத் தண்ணீர் எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்களின் கண்ணீர். இரண்டு பண்டிகைகளை ஒரு குவளை மண்ணால் இணைத்த ஆசிரியை யாரோ, கெட்டிக்காரி.

நடுவில் பூரிம். எஸ்தர் கதையை வாசிக்கும்போது வில்லன் ஹாமானின் பெயர் வரும்போதெல்லாம் கிலுகிலுப்பையைச் சுற்றி, காலைத் தட்டி, அந்தப் பெயர் காதில் விழாதபடி சத்தம் போட வேண்டும். ஆலயத்தில் சத்தம் போடு என்று பெரியவர்களே சொல்லும் நாள், பிள்ளைகள் விடுவார்களா?

பெசாக்கில்தான் இந்த முறை முழுசாகத் தெரியும். 'சேடர்' விருந்தில் எகிப்திலிருந்து விடுதலையான கதையே, வீட்டில் ஆகச் சின்னக் குழந்தை நான்கு கேள்விகள் பாடினால்தான் தொடங்கும். இந்த இரவு மட்டும் ஏன் மற்ற இரவுகளைப் போல இல்லை என்பது அதன் பல்லவி. அதற்காக வாரக்கணக்கில் வகுப்பில் பாடிப் பழகுவார்கள். விருந்தின் நடுவில் ஒரு துண்டு மாட்சா, அதாவது புளிக்காத தட்டை ரொட்டி, ஒளித்து வைக்கப்படும். குழந்தை அதைக் கண்டுபிடித்து, பரிசு பேரம் பேசித் திருப்பிக் கொடுக்கும் வரை விருந்தை முடிக்க முடியாது. இதெல்லாம் நேற்று வந்த உத்தி இல்லை. பெசாக் இரவில் குழந்தைகள் தூங்கிவிடாமல் கேள்வி கேட்பதற்காக ரபை அகிவா பொரியும் கொட்டைப் பருப்பும் கொடுப்பார் என்று பழைய யூதச் சட்ட நூலான தல்மூதிலேயே இருக்கிறது. அன்று வாசிக்கும் ஹகாதா நூலில் நான்கு வகைப் பிள்ளைகள் வருவார்கள். நான்காவது, கேள்வி கேட்கவே தெரியாத பிள்ளை. அவனுக்கு நீயே பேச்சைத் தொடங்கு என்கிறது நூல்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் மட்டும் ஒரு பிரச்சினை. கோதுமை, பார்லி மாதிரித் தானியங்களைப் புளிக்க விட்டுச் செய்து சாப்பிடக் கூடாது என்பது எல்லோருக்கும் பொது. கிழக்கு ஐரோப்பிய வழி வந்த யூதர்கள் அரிசி, பருப்பையும் தள்ளி வைப்பது பல நூற்றாண்டு வழக்கம். கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழு 2015 கடைசியில் அரிசி பருப்பை அனுமதித்துவிட்டது, ஆனால் எங்கள் பள்ளி பழைய வழக்கையே பிடித்துக்கொண்டிருந்தது. ஆக இட்லி கிடையாது, தோசை கிடையாது, தயிர் சாதமும் கிடையாது. உருளைக்கிழங்கு, தயிர், பழம் என்று டப்பாவை நிரப்பினேன். மற்ற நாட்களில் சைவக்காரர்களுக்கு அங்கே சொர்க்கம். இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது என்பதால் வம்பே வேண்டாமென்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சைவச் சாப்பாடு மட்டும்தான் அனுமதி.

திணிப்பா என்ற கேள்விக்கு வருகிறேன். கடவுள் எங்கே இருக்கிறார், செத்துப்போன தாத்தாவோடு இருக்கிறாரா என்று நான்கு வயதுக் குழந்தைகள் கேட்கத்தான் செய்யும். மூத்த ஆசிரியைகள் அதற்குப் பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று திருப்பிக் கேட்பார்கள். ஆளாளுக்கு ஒன்று சொல்லும், எல்லாவற்றையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். முதலில் எனக்கு இது நழுவல் மாதிரித்தான் பட்டது. இன்றும் பாதி அப்படித்தான் படுகிறது, ஏனென்றால் விளக்கு ஏற்றுவதா வேண்டாமா என்று அவர்கள் பிள்ளைகளை ஒருநாளும் கேட்டதில்லை. செய்வது கட்டாயம், நம்புவது உன் பாடு. நமக்கு இது புதிதா என்ன.

குழந்தைக் கல்வியில் இந்தச் சமூகத்துக்கு இருக்கும் பிடிவாதம் பழையது. கி.பி. 70-இல் ஜெருசலேம் ஆலயம் இடிபடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு தலைமைக் குருவாக இருந்த யோசுவா பென் கம்லா, ஊர்தோறும் ஆசிரியர் வைத்து ஆறேழு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்கச் செய்தார் என்று தல்மூத் சொல்கிறது. அதற்கு முன் அப்பா இருக்கும் பிள்ளை அப்பாவிடம் படித்தான், அப்பா இல்லாதவன் படிக்கவில்லை. பிறகு பதினாறு, பதினேழு வயதில் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள், வாத்தியார் கோபித்துக்கொண்டால் பையன்கள் முறைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்களாம். அதே பக்கத்தில் வகுப்பு அளவும் இருக்கிறது: 25 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், 40 ஆனால் ஓர் உதவியாளர், 50 ஆனால் இரண்டு ஆசிரியர். அடித்தே ஆக வேண்டும் என்றால் செருப்பு வாரால் மட்டும் அடி என்றும் இருக்கிறது. இடைக்கால ஜெர்மனியிலும் வட பிரான்சிலும் தோரா கிடைத்த நாளான ஷவுவோத் பண்டிகையன்று பையனைத் துணியில் போர்த்தி ஆசிரியரிடம் தூக்கிப் போவார்கள். பலகையில் எழுதிய எழுத்துகளின் மேல் தேன் தடவி நக்கச் சொல்வார்கள். விஜயதசமியில் அரிசியில் எழுத வைப்பதற்கு இது ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் பள்ளியிலும் தேன் உண்டு, பலகைக்குப் பதில் மெழுகுத் தாள்.

இப்போது அப்பா அம்மாக்கள். எங்கள் வகுப்புப் பெற்றோரில் பலர் பதின்மூன்று வயதில், பெரியவனாகிவிட்டதைக் குறிக்கும் பார் மிட்ஸ்வா சடங்கு முடிந்த கையோடு சினகாக்கை மறந்தவர்கள். சில வீடுகளில் ஒருவர் மட்டும்தான் யூதர், மற்றவர் கத்தோலிக்கர், ஒரு வீட்டில் குஜராத்தி. பள்ளியில் ஒரு 'ஷபாத் பை' உண்டு. உள்ளே மெழுகுவர்த்தித் தண்டுகள், கிண்ணம், ரொட்டி மூடும் துணி, ஒரு நோட்டு. வாரம் ஒரு குழந்தை வீட்டுக்குக் கொண்டுபோகும், அங்கே என்ன செய்தார்கள் என்று நோட்டில் எழுதி, படம் ஒட்டித் திருப்பித் தர வேண்டும். மூன்று வயதுப் பெண் கண்ணைப் பொத்திக்கொண்டு ஆசியைப் பாட, அதை மறந்துபோன அப்பா கூடவே முணுமுணுத்ததாக எத்தனையோ பேர் அதில் எழுதியிருந்தார்கள். யூதக் கதைப் புத்தகங்களை மாதாமாதம் வீட்டுக்கே இலவசமாக அனுப்பும் பிஜே லைப்ரரி என்ற திட்டமும் 2005-இலிருந்து நடக்கிறது. தூங்கப் போகும்போது யார் வாசித்துக் காட்டுவது? அப்பா அம்மாதானே. அதுதான் சூட்சுமம். இதில் கணக்கும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சினகாக் பெரும்பாலும் வருடச் சந்தாவில் ஓடுகிறது, பாலர் பள்ளி வழியாகத்தான் இளம் குடும்பங்கள் உறுப்பினர்களாக வருகின்றன. காலையில் பிள்ளைகளை இறக்கிவிடும் நேரத்தில் எங்கள் ரபை வாசலில் நிற்பது குழந்தைகளுக்கு வணக்கம் சொல்ல மட்டும் இல்லை.

இதற்கு அப்புறம் வருவதுதான் சொதப்பல் என்பது என் கருத்து. மழலையர் வகுப்பு முடிந்து பொதுப் பள்ளிக்குப் போகும் யூதப் பிள்ளைகள் ஞாயிறு காலையிலும் வாரநாள் மாலை ஒன்றிலும் 'ஹீப்ரு பள்ளி'க்கு வர வேண்டும். ஞாயிறு வகுப்பு என்பது 1838-இல் பிலடெல்பியாவில் ரெபேக்கா கிராட்ஸ் என்ற பெண்மணி தொடங்கியது, கிறிஸ்தவர்களின் ஞாயிறு பள்ளியைப் பார்த்து. நாள் முழுக்கப் படித்துவிட்டு, கால்பந்தை விட்டுவிட்டு வரும் பத்து வயதுப் பையனின் முகத்தை அங்கே மாலையில் பார்க்க வேண்டும். எழுத்துக் கூட்டி ஹீப்ரு வாசிப்பான், அர்த்தம் தெரியாது. பார் மிட்ஸ்வா தேதி இரண்டு மூன்று வருடம் முன்பே குறித்தாகிவிடும், அந்த வாரத்துக்கான தோராப் பகுதி அவன் தலையில் விழும். சுருளில் உயிர்க்குறிகளும் கிடையாது, ராகக் குறிகளும் கிடையாது, எல்லாம் மனப்பாடம். லேவியராகமத்தின் தோல் நோய் அதிகாரம் மாட்டினால் அதைப் பற்றி உரையும் ஆற்ற வேண்டும், பாவம். முடிந்ததும் நிறையப் பேர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். இங்கே சனி ஞாயிறில் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் நம்மவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்த கதை. பாலர் வகுப்பில் குடும்பமே கூட வந்தது, ஹீப்ரு பள்ளியில் பிள்ளையை மட்டும் இறக்கிவிட்டுக் காப்பி குடிக்கப் போகிறார்கள். வித்தியாசம் எனக்கு இதில்தான் தெரிகிறது.

உங்கள் பிள்ளையைச் சேர்க்கலாமா என்பதும் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். மதம் மாற்றுவார்களோ என்ற பயம் வேண்டாம், யூதர்கள் ஆள் சேர்ப்பதில்லை. தானாகப் போய்க் கேட்டால்கூடப் பல ரபைகள் எளிதில் சம்மதிப்பதில்லை. இஸ்ரேல் சுதந்திர தினத்துக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு விமான விளையாட்டு, கொடி, ஃபலாஃபல் எல்லாம் உண்டு. அது உங்களுக்கு உறுத்தினால் முன்பே பேசிவிடுங்கள். பாதுகாப்புக் கெடுபிடிக்கும் பழக வேண்டும். 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் சினகாக்கில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு எங்கள் வாசலில் ஆயுதக் காவலர் வந்தார். சத்தம் போடாமல் ஒளிந்திருக்கும் ஒத்திகையை விளையாட்டு என்று சொல்லி, வாயில் லாலிபாப் கொடுத்து நடத்துவோம். எத்தனை முறை செய்தாலும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

இன்னொன்று, செப்டம்பர் அக்டோபரில் புத்தாண்டு, யோம் கிப்பூர், சுக்கோத், சிம்காத் தோரா என்று அடுக்கடுக்காகப் பள்ளி மூடியிருக்கும். கட்டணம் மட்டும் குறையாது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால் லீவு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.