அரைப் பேர்

மதிப்பிற்குரிய அம்மா,

நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். இந்த ஆண்டு விழாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டுக்கு ஆட வைத்தேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மறுநாள் மூத்த ஆசிரியர் ஒருவர், “அது ஒப்பாரி ஆயிற்றே, இழவு வீட்டுப் பாட்டுக்கா விழா மேடையில் பிள்ளைகளை ஆட விட்டீர்கள்?” என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மனம் உறுத்துகிறது. நான் செய்தது தவறா? ராப் நம் மரபோடு ஒட்டுமா என்ற ஐயமும் எனக்கு உண்டு. இந்தப் பாட்டு யாருடையது என்று நடந்த சண்டையைப் படித்துச் சலித்துப் போனேன். நாட்டுப்புறப் பாடல் ஊருக்கே பொது அல்லவா? யார் பெயரைப் போட்டால் என்ன, கேட்டு மகிழ்ந்துவிட்டுப் போகக் கூடாதா? அழைப்பிதழின் படத்தை இணைத்திருக்கிறேன்.

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

சென்ற மாதம் நீலகிரியின் கூடலூருக்குப் போய்த் திரும்பியதிலிருந்து நான் வேறெதையும் நினைக்க முடியாமல் இருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அந்தப் பாட்டுக்கு ஆட வைக்க வேண்டும் என்று தோன்றிய உங்கள் மனம் நல்ல மனம். உங்கள் மூத்த ஆசிரியரின் பேச்சை விட்டுத் தள்ளுங்கள். பறை முழங்க ஆடிக்கொண்டே பிணத்தை வழியனுப்பும் ஊர்களில் வாழ்ந்துகொண்டு, ஒப்பாரிக்கு ஆடலாமா என்று ஒருவர் கேட்பது எனக்கு விளங்கவில்லை.

ராப் பற்றிய ஐயத்துக்கும் நீண்ட பதில் தேவையில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் தெருக்களில் 1970களில் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் தாளத்தின் மேல் பேசத் தொடங்கியபோது, தன் பெயரையும் தன் தெருவின் பெயரையும் பாட்டுக்குள்ளேயே சொல்வது அந்தக் கலையின் வழக்கமாயிற்று. நமக்கு அது புதிதா? சம்பந்தர் ஒவ்வொரு பதிகத்தின் கடைசிப் பாட்டிலும் தன் பெயரையும், பெரும்பாலும் தன் ஊரான சீகாழியையும் வைத்தே முடிக்கிறார்; அதற்குத் திருக்கடைக்காப்பு என்று பெயர். பெயர் பாட்டுக்குக் காவல் என்பதை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்த மொழி இது.

ஆனால் “யார் பெயரைப் போட்டால் என்ன” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நான் எளிதில் விடப் போவதில்லை. நீங்கள் ஆசிரியர். உங்கள் வருகைப் பதிவேட்டில் ஒரு மாதம் முழுக்க வேறொருவர் கையெழுத்திட்டுச் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு போனால், பாடம் நடந்தால் போதும், யார் பெயரில் நடந்தால் என்ன என்று எழுதுவீர்களா? நீங்கள் அனுப்பிய அழைப்பிதழைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாம் நிகழ்ச்சி, ‘பாரதியார் பாடல்’. ஐந்தாம் நிகழ்ச்சி, ‘கிராமிய நடனம், 7ஆம் வகுப்பு’. பாரதிக்கு அச்சில் ஓர் இடம் கிடைத்தது. உங்கள் பிள்ளைகள் ஆடிய பாட்டை எழுதிய ராப் பாடகர் அறிவுக்கும், உடன் பாடிய தீக்கும், தயாரித்த சந்தோஷ் நாராயணனுக்கும் கிடைக்கவில்லை. அந்தக் காணொளியில் முகம் காட்டிய வள்ளியம்மாள் யாருடைய நினைவுக்கும் வந்திருக்க மாட்டார்.

அந்தப் பாட்டு 2021 மார்ச் 7 அன்று மாஜ்ஜா என்ற இசை நிறுவனத்தின் யூடியூப் பக்கத்தில் வெளியானது. தமிழில் திரைப்படத்துக்கு வெளியே பிறந்த ஒரு பாட்டு 40 கோடிப் பார்வைகளைத் தாண்டும் என்று அன்றைக்கு யாரும் கணித்திருக்க முடியாது. அதன் தலைப்பு வரியில் முதலில் தீ வருகிறார், பிறகு ‘ஃபீச்சரிங் அறிவு’ என்று வருகிறது, கடைசியில் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன் என்று வருகிறது. பாப் பாடகரும் ராப் பாடகரும் சேர்ந்து பாடும் பாட்டுகளுக்கு மேலைநாட்டு இசைத்தட்டு நிறுவனங்கள் வகுத்த வழக்கம் அது. பாட்டுக்கு உரியவர் முன்னால் நிற்பார். ஒரு சரணமோ ஒரு பல்லவியோ பாடிக் கொடுத்துவிட்டுப் போகும் விருந்தாளி அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்பார். எழுதியவரையே விருந்தாளியாக உட்கார வைத்ததுதான் இந்தப் பாட்டில் நடந்தது. தீயின் குரலை நான் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம்; ‘குக்கூ’ என்று அந்தக் குரல் எழும்போது, விடியலில் மரத்தடியில் நிற்கும் குளிர்ச்சி இன்றும் எனக்கு வருகிறது. அவர் பாட்டின் உயிரில் பாதி. ஆனால் அதன் சொல் முழுக்க அறிவினுடையது.

பிறகு நடந்ததெல்லாம் ‘ஃபீச்சரிங்’ என்ற அந்த ஒரு சொல்லிலிருந்து வளர்ந்ததாகவே எனக்குப் படுகிறது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும், ‘நீயே ஒளி’ பாட்டுக்காக ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரண்டு பாட்டுக்கும் எழுத்தும், ‘என்ஜாய் எஞ்சாமி’க்குக் குரலும் தந்திருந்த அறிவு இல்லை. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் அவருக்கு இணையத்தில் தனி அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. மெட்டோ சொல்லோ தனக்கு யாரும் தரவில்லை என்று அவர் அதன் பிறகு எழுதினார். மூவரும் கூடிச் செய்தது, வருமானத்திலும் உரிமையிலும் மூவருக்கும் சமப் பங்கு என்று சந்தோஷ் நாராயணன் விளக்கினார். மெட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் அந்த அறையில் இருந்தவள் அல்ல. பாட்டுக்கு மூன்று வயது நிறைந்த 2024 மார்ச்சில், தங்கள் கைக்கு அதுவரை ஒரு பைசாவும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே காணொளியில் சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்தது. இதையா நீங்கள் சலிப்பூட்டும் சண்டை என்கிறீர்கள்?

இனி நான் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன்.

என் அப்பா கூடலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியாராக இருந்தார். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இலங்கையின் மலையகத் தோட்டங்களில் நூறாண்டுக்கு மேல் உழைத்த மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தது. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, அவர்களில் பலர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்காகவே அரசு 1968 முதல் அங்கே தேயிலை நட்டது. எங்கள் வீட்டுக்குக் கீழே அவர்களுடைய லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்தது. ஊர் அவர்களைச் சிலோன்காரர் என்றது. அவர்கள் கண்டியை ‘நம்ம ஊர்’ என்றார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அந்த லயத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பாட்டி இறந்துபோனார். நான் பெண்களின் கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். இறந்தவரின் நாத்தனார் தலைமாட்டில் உட்கார்ந்து பாடினார். அவர் கண்ணில் நீரே இல்லை. வலது கையின் விரல்கள் மட்டும், கொழுந்து கிள்ளுவதைப்போல, மடியில் அசைந்துகொண்டே இருந்தன. எந்த மலையில் எத்தனை வருடம், எந்தக் கங்காணி, எந்தக் கப்பல், கப்பலில் காணாமற்போன பித்தளைக் குடம், என்று அவர் ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்குச் சொல்லிக்கொண்டே போனார். அதில் ஒரு வரி இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை: “முழுக் கூடை சுமந்தவளே, அரைப் பேருக்கு நின்னவளே.”

தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் ‘பேர்’ என்று சொல்வார்கள். செக்ரோல் என்ற தோட்டத்து வருகைப் பதிவேட்டில் பெயர் விழுந்தால் அது ஒரு பேர். கொழுந்தின் எடை குறைந்தாலோ, நேரம் பிந்தினாலோ அரைப் பேர். அந்த மக்களின் பேச்சில் பெயரும் கூலியும் ஒரே சொல். பெயர் பாதியானால் அன்றைக்கு அடுப்பில் ஏறும் அரிசியும் பாதி.

அறிவின் குடும்பம் இலங்கையின் அந்தத் தோட்டங்களிலிருந்து வந்தது. வள்ளியம்மாள் அவருடைய பாட்டி. அந்தப் பாட்டைக் காதில் பாட்டாக மட்டும் வாங்காமல் சொல்லாக வாங்கிப் பாருங்கள். தோட்டம் வைத்தவளின் தொண்டை நனையவில்லை என்ற கணக்கு அதில் இருக்கிறது. பந்தலில் பாவற்காய் தொங்குகிறது, பெற்றவர்கள் விதைக்கென்று விட்டுப்போனது. கறிக்குப் பறிக்காமல் கொடியிலேயே விட்ட பாவற்காயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மஞ்சளாகிப் பழுத்து, வெடித்து, உள்ளே இரத்தச் சிவப்பாய் விதை தெரியும். அதற்கெல்லாம் நடுவில் அவர் தன்னை ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று சொல்லிக்கொள்கிறார். ராப் பாடகன் தன் பெயரைச் சொல்லி மார்தட்ட வேண்டிய இடத்தில் பாட்டியின் பெயரைச் செக்ரோலில் முழுப் பேராக ஏற்றியிருக்கிறார். பின்னால், 2024இல், தன் இசைத்தொகுப்புக்கும் அதையே பெயராக வைத்தார். பாட்டு யாருடையது என்று அந்தப் பாட்டே சொல்லியிருக்கும்போது, நாட்டுப்புறம், பொது, கிராமியம் என்று நாம் அந்தப் பெயரின் மேல் மண்ணைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். ஒப்பாரி காற்றில் விளைவதில்லை, கே. ஒவ்வோர் ஒப்பாரியையும் ஒரு குறிப்பிட்ட பெண், ஒரு குறிப்பிட்ட பிணத்தின் முன்னால், அந்த நொடியில் கட்டுகிறாள். கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் அவளுடைய பெயரைக் கேட்கவில்லை. அதனால்தான் அது ஊர்ப் பொதுவாயிற்று.

கேட்காதவர்களில் நானும் ஒருத்தி. கல்லூரிக் காலத்தில், நினைவில் நின்ற அந்த ஒப்பாரியின் பதினான்கு வரிகளை எழுதி ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். ‘நாட்டுப்புறப் பாடல்; சேகரித்தவர்’ என்று போட்டு, அதற்குப் பக்கத்தில் என் பெயரை அச்சிட்டார்கள். எனக்கு அது முதல் அச்சு. அந்த இதழைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன். பாடியவர் அப்போது உயிரோடு இருந்தார். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தார். அவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. உங்களிடம் இவ்வளவு கோபப்பட்டது, உங்கள் வரியில் என்னுடைய அந்த வயதைப் பார்த்ததால்தான், வருத்தப்படாதீர்கள்.

பிள்ளைகளை மறுபடியும் ஆட விடுங்கள். ஆடுவதற்கு முன் வகுப்பில் ஒரு பாடவேளை அந்தப் பாட்டின் சொற்களை உட்கார்ந்து படியுங்கள். மண்டபம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டுங்கள். அடுத்த அழைப்பிதழில் ஐந்தாம் நிகழ்ச்சிக்கு நேரே பெயர்களை அச்சிடுங்கள். இடம் போதாது என்று அச்சகத்தில் சொன்னால் எழுத்தைச் சிறிதாக்கச் சொல்லுங்கள்.

சென்ற மாதம் கூடலூரில் அந்த லயத்துக்குப் போனேன். அங்கே இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அந்த நாத்தனாரின் பெயரைச் சொல்ல ஒருவரும் இல்லை. முதியவர் ஒருவருக்கு அவர் முகம் நினைவிருந்தது, பெயர் நினைவில்லை. பழைய செக்ரோல்கள் தோட்ட அலுவலகத்து அலமாரியில் இருக்கக்கூடும் என்று அவர்தான் சொன்னார். அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். வீட்டு எண் எனக்கு நினைவிருக்கிறது, பதினொன்று. பெயர் கிடைத்ததும் அந்தப் பதினான்கு வரிகளை இங்கே மறுபடி வெளியிடுகிறேன்.