தேவதைக் கதைகளில் பெண்ணுடல் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தேவதைக் கதைகள் பெண்ணுடலை ஆணாதிக்கப் பார்வையில் காட்டுகின்றன என்று பெண்ணியவாதிகள் சொல்வதை முன்வைக்கும் உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஒரு சந்தேகம். இந்தக் கதைகளைக் காலங்காலமாகச் சொல்லிவந்தவர்கள் பாட்டிகளும் தாதிகளும்தானே? பெண்கள் சொன்ன கதையில் ஆணாதிக்கத்தைத் தேடுவது, இன்றைய அரசியலைப் பழைய கதையின் தலையில் கட்டுவதாகாதா? என் ஆறு வயது மகளுக்கு சிண்டரெல்லா என்றால் உயிர். இனி அவளுக்கு அதைச் சொல்லக் கூடாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஜெர்மனியில் இந்தக் கதைகளைக் கேட்டுத் தொகுத்த கிரிம் சகோதரர்களுக்குக் கதை சொன்னவர்களில் பலர் பெண்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் சொன்னபடியே அவை நம் கைக்கு வரவில்லை. 1812இல் முதல் தொகுதி வெளிவந்தது முதல் 1857இன் ஏழாம் பதிப்புவரை வில்ஹெல்ம் கிரிம் கதைகளைத் திருத்திக்கொண்டே இருந்தார். பெண்ணியவாதிகள் வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து திணிக்க வேண்டியதில்லை. அவர் எதை அடித்தார், எதைச் சேர்த்தார் என்று பார்த்தாலே போதும்.

கோபுரத்திலிருந்து தன் நீண்ட கூந்தலைத் தொங்கவிட்டு ஆட்களை மேலே தூக்கும் ரபுன்சலை எடுத்துக்கொள்வோம். 1812 பதிப்பில், தன்னைக் கோபுரத்தில் அடைத்துவைத்திருக்கும் தேவதையிடம் அவள் வெகுளியாகக் கேட்கிறாள்: என் உடைகளெல்லாம் ஏன் இப்படி இறுகிப்போகின்றன? இளவரசன் ரகசியமாக வந்துபோனதன் விளைவு. என்ன நேர்ந்திருக்கிறது என்று அவளுக்கே தெரியாது, உடல் சொல்லிவிடுகிறது. இது குழந்தைகளுக்கு ஆகாது என்று விமர்சனம் எழுந்தது. பிந்தைய பதிப்புகளில் அவள், இளவரசனைவிட உங்களைத் தூக்குவது கனமாக இருக்கிறதே என்று உளறி மாட்டிக்கொள்கிறாள். கர்ப்பம் போய்விட்டது; இரட்டைக் குழந்தைகள் மட்டும் கதையின் கடைசியில் எங்கிருந்தோ வந்து நிற்கின்றன. உடலால் அகப்பட்டவளைப் புத்தியில்லாமல் அகப்பட்டவளாக மாற்றிவிட்டார்கள்.

இப்போது உங்கள் மகளின் சிண்டரெல்லா. இளவரசன் கொண்டுவந்த காலணி சிற்றன்னையின் மகள்களுக்குப் பொருந்தவில்லை. தாய் தன் மகளிடம் கத்தியைக் கொடுத்து, கால்விரலை வெட்டிவிடு, ராணியாகிவிட்டால் நடக்க வேண்டியிருக்காது என்கிறாள். அடுத்தவள் குதிகாலில் ஒரு துண்டைச் சீவிக்கொள்கிறாள். கத்தியை எந்தப் பதிப்பிலும் நீக்கவில்லை. போதாததற்கு, அந்தச் சகோதரிகளின் கண்களைப் புறாக்கள் கொத்துவது 1819இல் புதிதாகச் சேர்ந்தது. வயிறு வளர்வது குழந்தைகளுக்கு ஆகாது, கால் வெட்டுப்படுவது ஆகும்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கத்தியை நீட்டுபவள் பெண்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஸ்நோ ஒயிட் கதையில், யார் அழகி என்று ராணிக்குச் சொல்லும் கண்ணாடியிலிருந்து பேசுவது ராஜாவின் குரல் என்று பெண்ணிய இலக்கிய விமர்சகர்களான சாண்ட்ரா கில்பர்ட்டும் சூசன் குபாரும் 1979இல் எழுதினார்கள். அழகில் யார் முந்தி என்று இரண்டு பெண்கள் மோதுகிறார்கள். தீர்ப்புச் சொல்வது அவர்களில் ஒருவரல்ல. சிண்டரெல்லாவின் சிற்றன்னையையும் நான் அப்படித்தான் வாசிக்கிறேன். காலின் அளவை அவள் வைக்கவில்லை, அரண்மனை வைத்தது.

உங்கள் மகளுக்குத் தாராளமாகச் சொல்லுங்கள். அவள் கொஞ்சம் வளர்ந்ததும் அதே தொகுப்பிலுள்ள 'ஃபிட்சரின் பறவை'யையும் சொல்லுங்கள். மந்திரவாதி இரண்டு அக்காக்களைத் துண்டுதுண்டாக வெட்டிப்போட்டிருக்கிறான். தங்கை அந்தத் துண்டுகளைத் தேடியெடுத்து, தலை, உடல், கை, கால் என்று ஒழுங்காகச் சேர்த்துவைக்கிறாள்; அக்காக்கள் கண் திறக்கிறார்கள். அவர்களைக் கூடையில் ஒளித்து, மந்திரவாதியின் முதுகிலேயே சுமக்கவைத்து வீட்டுக்கு அனுப்புகிறாள். பிறகு ஒரு மண்டையோட்டுக்கு நகையும் பூவும் சூட்டி ஜன்னலில் வைத்துவிட்டு, தேனில் இறங்கி, மெத்தையைக் கிழித்து இறகுகளில் புரண்டு, விநோதமான பறவையாக வெளியே நடக்கிறாள். எதிரே வரும் மாப்பிள்ளை, அதாவது அவளை மணக்கவிருக்கும் அதே மந்திரவாதி, மணப்பெண் என்ன செய்கிறாள் என்று அவளிடமே விசாரிக்கிறான். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்கிறாள். அவன் மண்டையோட்டைப் பார்த்துத் தலையசைத்து வணக்கம் சொல்கிறான்!

இதுவும் 1812இலிருந்தே இருக்கும் கதைதான். வெட்டப்பட்ட உடலைச் சேர்ப்பதும், யார் கண்ணுக்கு எப்படித் தெரிவது என்று முடிவு செய்வதும் இதில் ஒரு பெண். சிண்டரெல்லா தெரிந்த வீடுகளில் பாதியிலாவது இவளும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.